தேசப்பன் கை, பிரேமா காது

சுமலதா அந்த இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளையும் அரிசிப் பையில் போட்டு, திருவள்ளூரிலிருந்து பஸ் மாறி மாறிக் கும்மிடிப்பூண்டிக்குத் தூக்கி வந்தது இது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தபோது, "கொஞ்சம் மந்தமா இருக்குண்ணா, தெளிவாக்கிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்தத் தடவை பையை இறக்கி வைத்ததும் நெற்றியைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"கோச்சுக்காதீங்கண்ணா. மந்தமா இருந்தப்ப தூக்கம்தான் வந்துச்சு. இப்ப தலைவலி வருது."

பெட்டிகளைச் சரி செய்து கொடுத்த தேசப்பன் சிரிக்கப் பார்த்தார். "புதுசுல அப்டிதாம்மா இருக்கும். நாலு நாளு கேட்டீனா காது பயகிப்புடும்."

தண்ணீர்ச் சொம்போடு சமையலறையிலிருந்து வந்த அவர் மனைவி பிரேமா, யாரும் கேட்காமலே சொன்னாள்: "பயகாது."

அந்த ஒரு சொல்லுக்காகத் தேசப்பன் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

பிரேமா பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவள். பன்னிரண்டாவது முடித்த கையோடு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு வைண்டிங் கம்பெனியில் சேர்ந்தாள். செம்புக் கம்பியை அச்சில் சுற்றிச் சுற்றிச் சோக் ஆக்குகிற வேலை. பத்தொன்பது வயதில் உட்கார்ந்த பெஞ்சு. இப்போது வயது நாற்பத்தொன்று. மெஷின் ஓடும்போது கம்பி இறுகினாலும் தளர்ந்தாலும் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். பக்கத்து மெஷினில் கம்பி அறுபடப் போவதையும் திரும்பிப் பார்க்காமல் சொல்லிவிடுவாள். அதை ஒரு திறமை என்று அவள் நினைத்ததில்லை. மேஸ்திரியும் நினைத்ததில்லை.

தேசப்பனுக்கு அதே சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ரோலிங் மில்லில் வேலை, இருபத்திரண்டு வருஷமாக. மில் அவருக்குச் சோறு, ஸ்பீக்கர்தான் உயிர். யாராவது பழைய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரைத் தூக்கிப் போட்டால் போதும், அலமாரித் தட்டில் அடங்குகிற அந்தச் சின்னப் பெட்டியைக் கோழிக்குஞ்சைப் போல ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வருவார். மகள் ரம்யா நர்சிங் படிக்க வேலூர் போனதும் அவளுடைய அறை இவருடைய பட்டறை ஆகிவிட்டது.

பெட்டியைத் திறந்தால் உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை இருக்கும். கிராஸ்ஓவர் என்று பெயர். கனத்த சத்தத்தைப் பெரிய ஸ்பீக்கருக்கும், மெல்லிய கூர்மையான சத்தத்தை டுவீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்புவது அதன் வேலை. அந்தப் பிரிவினை சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல ஸ்பீக்கரும் உளறும். மலிவுப் பெட்டிகளில் கம்பெனிக்காரர்கள் மிச்சம் பிடிப்பது இந்தப் பலகையில்தான். தேசப்பன் பழைய கெபாசிட்டரைப் பிடுங்கி நல்லதாகப் போடுவார், ரெசிஸ்டரை மாற்றுவார், காயில் என்கிற கம்பிச் சுருளை மாற்றுவார். திருவள்ளூர், பொன்னேரி, பொதட்டூர்பேட்டை வரை அவருக்குப் பேர் இருந்தது.

ஆனால் நாலு வருஷமாக அந்தப் பேரில் லேசாகத் துரு ஏறிக்கொண்டு வந்தது. போன பெட்டிகள் திரும்பி வரத் தொடங்கின. "கத்துது", "குத்துது", "பல்லு கூசுது" என்றார்கள். "கேக்கத் தெரியாதவன் கைல நல்ல பொருளு குடுத்தா இப்டிதான் பேஜாரு" என்று தேசப்பன் மீசையைத் தடவிக்கொள்வார்.

சுமலதாவைக் கேட்கத் தெரியாதவள் என்று சொல்ல அவருக்கே வாய் வரவில்லை. அவள் வேலையே கேட்பதுதான். பார்வையற்ற பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து தரும் சிறிய அறக்கட்டளை ஒன்று திருவள்ளூரில் இருந்தது. யாரோ வாசிப்பார்கள், வாசித்ததைக் காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை கேட்டுப் பிழை பிடிப்பாள் சுமலதா. அவள் கேட்டு ஒப்புதல் கொடுத்த பாடம்தான் பிள்ளைகளுக்குப் போகும்.

அவள் பெட்டிகளை விட்டுவிட்டுப் போன மறு வாரம் மில்லில் மருத்துவ முகாம் நடந்தது. வேனில் உட்காரவைத்துக் காதில் ஹெட்போன் மாட்டிப் பரிசோதித்தார்கள். "எல்லாம் நார்மலு" என்று வந்து சொன்னார் தேசப்பன். இரண்டு நாள் கழித்து அவருடைய சாப்பாட்டுப் பையைத் துவைக்க எடுத்தபோது, அடியில் நாலாக மடித்த காகிதம் ஒன்று பிரேமா கைக்குக் கிடைத்தது. கோடுகளும் புள்ளிகளும் போட்ட வரைபடம். அதைப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள்.

ரம்யா உடனே கூப்பிட்டாள். "அம்மா, இது அப்பாவோட காது டெஸ்ட்டும்மா. பேச்சு கேக்குது, கனமான சத்தம் கேக்குது. நாலாயிரம்னு போட்டிருக்கிற இடத்துல பாரு, ரெண்டு காதுலயும் பெரிய பள்ளம். ஸ், ஷ், ச் எல்லாம் அப்பாவுக்கு அரைகுறையாத்தான் கேக்கும். மெஷின் சத்தத்துல வருஷக்கணக்கா நின்னா வர்றது. திரும்ப வராதும்மா."

ஞாயிற்றுக்கிழமை காலை நாஷ்டாவுக்குக் கூப்பிடப் போனபோது, தேசப்பன் சோல்டரிங் அயனையும் மீட்டரையும் ஒரு அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாயா பண்ற?"

"யாருக்கனா குட்த்துடலாம்னு." சிறிது நேரம் டேப்பை ஒட்டுவதும் உரிப்பதுமாக இருந்தார். "உனுக்குத் தெரியுமா?"

"ரம்யா சொல்லிச்சு."

"நாலு வருசமா நான் சவுண்டைச் சரி பண்ணல, பிரேமா. எனுக்குக் கேக்காததை ஏத்தி ஏத்தி உட்டுக்கினு கீறேன். ஊர்ல கீற அம்மாம் ஸ்பீக்கரையும் என் காதுக்கு மிஷினு மாதிரி செஞ்சு குட்த்துக்கீறேன். அவுங்களுக்குத் தலைவலி வராம இன்னா பண்ணும்?"

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படி உடைந்து அவள் பார்த்ததில்லை. அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். சமாதானம் சொல்ல அவளுக்கு வராது. பெட்டியிலிருந்து அயனை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"உன் கை போய்டுச்சா?"

"கைக்கு இன்னா, நல்லாத்தான் கீது."

"கணக்கு மறந்துட்டியா?"

"அது எப்டி மறக்கும்?"

"அப்பறம் இன்னாத்துக்குக் கட்டி வெக்கிற? எனுக்குக் கேக்குது. நான் சொல்றேன், நீ செய்யி."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நான் ஒண்ணு சொல்லி நீ ஒண்ணு சொன்னா?"

"நான் சொல்றதுதான்" என்றாள் பிரேமா. "இட்லி ஆறிப்போவுது, வா."

அன்று மதியமே தொடங்கினார்கள். சுமலதா கொடுத்துவிட்டுப் போன பென்டிரைவிலிருந்து ஒரு பாடத்தை ஓடவிட்டார் தேசப்பன். ஒரு பெண் நிதானமாக வாசித்தாள். பிரேமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"மீனு செதில் ஒரசுற சத்தம் கேக்குது. அவுங்க ச சொல்றப்பல்லாம் அரிவாமணையில செதில் தெறிக்குது."

தேசப்பனுக்கு அது கேட்கவில்லை. ஆனால் எங்கே இருக்கும் என்று தெரியும். டுவீட்டரின் சத்தத்தை அடக்கக் கம்பெனிக்காரன் போட்டிருந்த ரெசிஸ்டரை, தெளிவு போதவில்லை என்று அவரே கழற்றி எறிந்திருந்தார். இப்போது ஒன்றைப் போட்டார், 2.2 ஓம்.

"கொறைஞ்சுது. இன்னும் கீது."

3.3 போட்டார்.

"தோ, இப்ப மனுசி பேசுறா."

ஆசை தாங்காமல் 4.7 போட்டார்.

"போர்வையைப் போத்திப்புட்ட. எடு."

மறுபடி 3.3. தேசப்பன் ஒரு நோட்டை எடுத்து, ஒரு பக்கம் அவள் சொல்லையும் எதிர்ப்பக்கம் தன் கணக்கையும் எழுதிக்கொண்டார். செதில் என்றால் டுவீட்டர் அதிகம். போர்வை என்றால் குறைவு. பானைக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறது என்றால் பெட்டிப் பலகை அதிர்கிறது. உள்ளே பஞ்சு வைக்க வேண்டும். அவர் படித்த புத்தகங்களில் இருந்ததைத்தான் அவள் வேறு பேரில் சொல்கிறாள் என்று புரியப் புரிய, அவர் முகத்தில் பழைய வெளிச்சம் எட்டிப் பார்த்தது.

ஆனால் ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

"ஒரே ஆளுதான் பேசுறா. ஆனா வாய் ரெண்டு எடத்துல கீற மாதிரி கீது" என்றாள் பிரேமா. கெபாசிட்டரை மாற்றிப் பார்த்தார். போகவில்லை. வயரை மாற்றினார். போகவில்லை. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் வேறு டுவீட்டரே வாங்கிவந்து மாட்டினார். அப்போதும் ரெண்டு வாய். மூன்று ஞாயிறு ஓடிப்போனது. "உனுக்கே அப்டித் தோணுதோ இன்னாவோ" என்று ஒரு தடவை வாய் தவறிவிட்டார். பிரேமா எழுந்து போய்த் துணி துவைக்க உட்கார்ந்துவிட்டாள். அவராகத்தான் போய்க் கூப்பிட வேண்டியிருந்தது.

நாலாவது ஞாயிறு, அவர் பலகையைப் பெட்டியிலிருந்து முழுசாக வெளியே எடுத்து மேஜையில் போட்டிருந்தார். டீ கொண்டுவந்த பிரேமா அதைக் குனிந்து பார்த்தாள். இத்தனை நாளும் கேட்டாளே ஒழிய, உள்ளே பார்த்ததில்லை.

"இன்னாயா இது? சோக்கா?"

"ஆமா, காயில். ஒண்ணு பெரிய ஸ்பீக்கருக்கு, ஒண்ணு டுவீட்டருக்கு."

"யாரு இப்டி ஒட்டிப் படுக்க வெச்சது?"

"கம்பெனியிலயே அப்டிதான் வர்து."

"எந்தக் கம்பெனி?" பிரேமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "எங்க லைன்ல ரெண்டு சோக்கை இப்டிப் பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சு ஒரு போர்டு போச்சுனா, செக்கிங்ல மூஞ்சில எறிவான். ஒண்ணுல ஓடுறது இன்னொண்ணுல ஒட்டிக்கும்யா! ஒண்ணைப் படுக்க வெச்சா ஒண்ணை நிமுத்தி வெக்கணும். புதுசா சேர்ற பொண்ணுக்கு மொத நாளு சொல்லிக் குடுக்கிற பாடம் இது."

தேசப்பன் டீயை மறந்துவிட்டார். புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்து, இவ்வளவு சின்னப் பெட்டிக்கு அது என்ன பெரிய விஷயம் என்று தாண்டிப் போன சமாச்சாரம். டுவீட்டர் பக்கம் சத்தத்தைக் கொண்டுபோகும் கெபாசிட்டரின் காலைப் பட்டென்று வெட்டினார். "இப்ப டுவீட்டருக்கு ஒண்ணும் போவாது. செத்துக் கெடக்கணும். நீ கேட்டுச் சொல்லு."

டுவீட்டரை நீளமான வயரில் கட்டிக் கொடுத்தார். பிரேமா அதைச் சமையலறைக்கு எடுத்துப் போய்க் கதவைச் சாத்தி, காதோடு ஒட்டிவைத்துக்கொண்டாள். அறையில் பெரிய ஸ்பீக்கரில் மட்டும் பாடம் ஓடியது. ஒரு நிமிஷத்தில் கதவு படாரென்று திறந்தது.

"பேசுது! செத்துக் கெடக்கல, கொசு மாதிரி முணுமுணுன்னு அதே பாடத்தைப் படிக்குது!"

அவர் வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஆனால் அவருக்குக் கண் இருந்தது, மீட்டர் இருந்தது. டுவீட்டரின் இரு முனையிலும் மீட்டரைத் தொட்டார். வாசிப்புக்கு ஏற்ப எண் துள்ளியது. முப்பது மில்லிவோல்ட்டைத் தொட்டுத் தொட்டு இறங்கியது. வரவே கூடாத இடத்தில் வந்துகொண்டிருந்தது.

"நீயே நிமுத்து" என்றார்.

பிரேமா சின்னக் காயிலைப் பிசினிலிருந்து பெயர்த்து, விரலால் மெல்ல நிமிர்த்தினாள். இருபது. பன்னிரண்டு. ஆறு. நேராக நின்றதும் எண் இரண்டில் போய்ப் படுத்துக்கொண்டது. இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு தேசப்பன் சத்தமாகச் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

அந்தக் காயிலைத் தூரத் தள்ளி நிற்கவைத்து, கெபாசிட்டரை மறுபடி ஒட்டி, மற்றப் பெட்டியிலும் அப்படியே காயிலை நிமிர்த்தி, இரண்டையும் மூடினார்கள். பாடத்தை ஓடவிட்டதும் பிரேமா கையைக் காட்டினாள், இரண்டு பெட்டிக்கும் நடுவில் இருந்த வெறும் சுவரை. "தோ அங்க குந்திக்கினு படிக்கிறா. ஒரே வாய்."

திருவள்ளூருக்குப் பெட்டிகளைக் கொண்டுபோனபோது அங்கே ஒரு இடைஞ்சல் காத்திருந்தது. அறக்கட்டளையின் நிர்வாகி மணவாளன், இந்தப் பழைய பெட்டிகளை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்து, கடைக்காரரிடமிருந்து புது வெளிநாட்டு ஜோடி ஒன்றைச் சோதனைக்கு வாங்கி வைத்திருந்தார். பளபளவென்று கறுப்பாக மேஜைமேல் இருந்தது.

"தேசப்பன், தப்பா நினைக்காதீங்க. போன தடவை நீங்க சரி பண்ணிக் குடுத்ததுல சுமலதாவுக்குத் தலைவலிதான் வந்துச்சு."

"இந்தத் தடவை நான் பண்ணல சார். இவுங்க பண்ணாங்க" என்று தேசப்பன் மனைவியைக் காட்டினார். பிரேமா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள்.

மணவாளன் நியாயஸ்தர். சுமலதாவைச் சுவர் பார்த்து உட்காரச் சொன்னார். எந்த ஜோடி ஓடுகிறது என்று சொல்லாமல் தானே மாற்றி மாற்றி வைத்தார். ஏற்கெனவே ஒப்புதல் முடிந்த எட்டாம் வகுப்பு அறிவியல் பாடம். முதலில் புது ஜோடி. பாடம் ஓடியது, சுமலதா தலையசைத்துக் கேட்டாள். அதே பக்கத்தை மறுபடி வைத்தார், இப்போது இவர்களுடையதில்.

நாலாவது வரியில் பிரேமா தலையைத் தூக்கினாள். அதே நொடியில் சுமலதாவும் கையை உயர்த்தினாள்.

"சார், நிறுத்துங்க. பின்னாடி போங்க."

மணவாளன் பின்னால் தள்ளி வைத்தார். 'ஒலி நேர்கோட்டில் செல்லும்' என்றது பெட்டி.

"ஒளின்னு வரணும் சார்! வெளிச்சத்தைப் பத்தின பாடம். ஒலின்னு வாசிச்சிருக்காங்க." சுமலதா எழுந்துவிட்டாள். "இதை நான் ஓகே பண்ணி அனுப்பி ஆறு மாசம் ஆச்சு. எப்படி விட்டேன்?"

மணவாளன் மூன்று தடவை கேட்டார். பிறகு புது ஜோடியிலும் கேட்டார். சொன்ன பிறகு அதிலும் தெரியத்தான் தெரிந்தது. சொல்லாமலே தெரிந்தது இவர்களுடையதில். நாக்கு பல்லைத் தொடுகிறதா, மடங்கி அண்ணத்தைத் தொடுகிறதா என்கிற அந்த மயிரிழை வித்தியாசம், பெரிய ஸ்பீக்கர் விட்டு டுவீட்டர் பிடிக்கிற அந்த எல்லையில்தான் விழுகிறது என்று தேசப்பன் விளக்கினார். கைமாறுகிற இடத்தில் ஒட்டல் இருந்தால் அதுதான் முதலில் அழியும்.

மணவாளன் பிரேமாவிடம் திரும்பினார். "நீங்களும் அதே இடத்துல நிமிர்ந்தீங்களே, நான் பார்த்தேன். எப்படிம்மா?"

"எனுக்கு அந்த ளவைச் சொல்லத்தான் சார் வராது" என்றாள் பிரேமா. "கேக்க வரும்."

மணவாளன் வாய்விட்டுச் சிரித்தார். சுமலதா ஓடிவந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். தேசப்பனுக்கு ஒலியும் ஒளியும் அந்தப் பெட்டியில் ஒன்றுபோலத்தான் கேட்டது. அதைப் பற்றி அவருக்கு அன்று துளியும் வருத்தம் இல்லை. மனைவியின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளிநாட்டு ஜோடி அடுத்த நாளே கடைக்குத் திரும்பியது. அந்த ஒரு புத்தகத்தை மறுபடி கேட்டதில் பதினோரு பிழைகள் கிடைத்தன. எல்லாவற்றையும் திருத்தி வாசித்துப் பிள்ளைகளுக்குப் புதிதாக அனுப்பினார்கள். அறக்கட்டளையில் மிச்சம் இருந்த ஐந்து ஜோடிகளும் கும்மிடிப்பூண்டிக்கு வந்தன. அவற்றுக்குக் காயில்கள் போதாமல், பிரேமா கம்பி வாங்கிவந்து தானே சுற்றினாள். இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றியதெல்லாம் எங்கே போகிறது என்று அறியாமல் சுற்றியவை. இவை எந்தப் பெட்டிக்குள் போகின்றன, யார் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்து சுற்றியவை. சுமலதாவுக்குத் தலைவலி மாத்திரை நின்றுபோனது.

தேசப்பன் மில்லில் காதுக்கவசம் கேட்டு நச்சரித்து வாங்கினார். தன் ஷிப்டில் நிற்கிற பதினாறு பேருக்கும் சேர்த்து வாங்கினார். கொடுத்த கையோடு ஒவ்வொருவரையும் காது பரிசோதனைக்கும் விரட்டினார்.

பொங்கலுக்கு முந்திய ஞாயிறு, அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் வேலை பார்க்கும் குப்புராஜ் என்பவர் காரில் வந்து இறங்கினார். டிக்கியில் தேக்குமரப் பெட்டியில் ஒரு பெரிய ஜோடி. வாசலில் கோலப்பொடிக் கையோடு நின்ற பிரேமாவிடம், "ஸ்பீக்கர் சரி பண்றவரைப் பாக்கணும்" என்றார்.

உள்ளேயிருந்து தேசப்பன் குரல் கொடுத்தார். "சரி பண்றவங்கதான் சார் உங்க எதுருல நிக்கிறாங்க. நான் சோல்டர் புடிக்கிற ஆளு."

குப்புராஜ் தடுமாறினார். பிரேமா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவரை உட்காரவைத்து, பெட்டிகளை இணைக்கச் சொன்னாள். பாட்டுப் போட்டதும் தலையைச் சாய்த்து அரை நிமிஷம் கேட்டாள்.

"சார், எடது பக்கத்துப் பொட்டியில டுவீட்டரு வயரு திருப்பி மாட்டிக் கீது. அப்பறம் ரெண்டுலயுமே செதிலு."

"செதிலா?" என்றார் குப்புராஜ்.

தேசப்பன் ஏற்கெனவே ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டிருந்தார். இடது பெட்டியைத் திறந்தார். டுவீட்டரின் சிவப்பு வயரும் கறுப்பு வயரும் இடம் மாறித்தான் இருந்தன.